எட்டுப் பேரின் பெயர்ப்பட்டியல்

நம் பங்குகளில் சிறு தொழில் நடத்தும் குடும்பங்கள் பல உண்டு. அச்சகம், தச்சுப் பட்டறை, மருந்துக் கடை, பேக்கரி என்று ஐந்து பேர் முதல் பதினைந்து பேர் வரை வேலைக்கு வைத்துத் தாங்களும் பிழைத்து, அவர்களையும் பிழைக்க வைக்கிறவர்கள் இவர்கள். இத்தகைய இடங்களில் வேலை செய்கிற ஒருவர் திடீரென்று நோயில் விழுந்தால் நடப்பது என்ன என்பதை வாசகர்கள் அறிவார்கள். முதல் நாள் முதலாளி கையிலிருந்ததைக் கொடுப்பார். இரண்டாம் வாரம் சம்பள முன்பணம் என்று கொஞ்சம் போகும். அதன்பின் மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும். கடைசியில் ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்ததும் பங்கு இல்லத்து வாசலில் வந்து நிற்பார்கள். வின்சென்ட் தே பவுல் சபையினர் தங்களால் இயன்றதைச் செய்வார்கள். ஆனால் தனியார் மருத்துவமனையில் ஓர் அறுவைச் சிகிச்சைக்கு அது எம்மாத்திரம்?

ஆதலால், தங்களிடம் வேலை செய்கிறவர்கள் அனைவருக்குமாகச் சேர்த்து ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்துவிட வேண்டும் என்று முதலாளிகள் சிலர் எண்ணத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. கொரோனாக் காலம் இதற்கு ஒரு தூண்டுகோலாயிற்று. 2020 ஏப்ரல் 15 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட ஆணையில், ஊரடங்கின் நடுவே திறக்கப்படும் வேலைத் தலங்களில் தொழிலாளருக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்று ஒரு வரி இடம் பெற்றிருந்தது. அந்த ஆணை அக்காலத்தோடு முடிந்தது. ஆயினும் அதற்குப் பிறகுதான் காப்பீட்டு முகவர்கள் சிறிய கடைகளின் படியும் ஏறத் தொடங்கினார்கள்.

தூத்துக்குடியில் பேக்கரி நடத்தும் நண்பர் ஒருவர், 2024ஆம் ஆண்டின் நடுவில், மூன்று நிறுவனங்களின் கொட்டேஷன்களைக் கொண்டுவந்து நம் மேசைமேல் வைத்தார். முந்திரிப் பருப்பும் முட்டையின் வெள்ளைக் கருவும் சர்க்கரையும் சேர்த்து அந்நகரில் செய்கிற மக்ரூன்தான் அவருடைய முக்கிய வியாபாரம். எந்தச் செலவையும் மக்ரூன் கிலோக் கணக்கில் மாற்றிப் பார்ப்பது அவர் வழக்கம். "சாமி, மூணையும் நீங்க ஒருக்கப் படிச்சுப் பாருங்க. ஏஜெண்ட் சொல்றதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எழுதியிருக்கிறதுதான் எனக்குப் புரியலை" என்றார். குருமடத்தில் நமக்குப் பாலிசி படிக்கக் கற்றுத் தரவில்லை. ஆனால் ஒரு நீண்ட பத்தியில் "எனினும்" என்ற சொல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பார்க்கக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அந்தப் பயிற்சி அன்று உதவிற்று.

கொட்டேஷன்களைப் பார்ப்பதற்கு முன் வேலை செய்கிறவர்களின் பட்டியலைக் கேட்டோம். எட்டுப் பேர். அடுப்படியில் நிற்கும் மாஸ்டருக்கு வயது ஐம்பத்தேழு; பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உண்டு. அவருக்கு உதவியாக நாற்பத்திரண்டு வயதுடைய ஒருவர். பேக்கிங் செய்யும் பெண்கள் இருவர். அவர்களுள் மூத்தவர் கைம்பெண், பிள்ளைகள் இல்லை, வயது முதிர்ந்த தாயோடு வாழ்கிறவர். கடையில் நிற்கும் பெண்ணுக்கு மணமாகி ஆறு மாதம். கணக்கு எழுதும் பெண் ஒருவர். வேன் ஓட்டுநருக்குப் பிள்ளைகள் மூவர். எட்டாவதாக, தட்டுக் கழுவவும் மாவு சுமக்கவும் பத்தொன்பது வயதுத் தம்பி ஒருவன். இந்த எட்டுப் பேருக்கும் எட்டு விதமான தேவை இருக்கிறது என்பதும், கொட்டேஷன் அவர்களை எட்டு எண்களாகவே அறிந்திருக்கிறது என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இவர்களுக்கு வேறு பாதுகாப்பு ஏற்கனவே உண்டா என்பது. பத்துப் பேர் வேலை செய்யும் இடமானால் தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம், அதாவது நம் மக்கள் இ.எஸ்.ஐ. என்று அழைப்பது, சட்டப்படி கட்டாயம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் அதில் சேர்க்கப்பட வேண்டும். முதலாளியின் பங்கு சம்பளத்தில் நூற்றுக்கு 3.25, தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 0.75. 15,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு முதலாளி 487 ரூபாய் 50 காசும், தொழிலாளி 112 ரூபாய் 50 காசும் மாதந்தோறும் கட்டினால் போதும். இந்தத் தொகைக்கு எந்தத் தனியார் நிறுவனமும் தராத ஒன்றை அது தருகிறது. குடும்பத்தோடு சேர்த்துச் சிகிச்சை கிடைக்கிறது; இத்தனை இலட்சம் வரை என்ற வரம்பு கிடையாது; நோயினால் வேலைக்கு வர முடியாத நாட்களுக்கு, ஆண்டில் 91 நாள் வரை, சம்பளத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு கிடைக்கிறது. மருந்தகத்தில் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று குறை சொல்லுகிறவர்கள் இந்தக் கடைசிச் செய்தியை மறந்துவிடுகிறார்கள். தனியார் காப்பீடு மருத்துவமனைக் கட்டணத்தைக் கொடுக்கும். வீட்டில் அரிசி வாங்கக் கொடுக்காது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போவது சரியன்று. பதின்மூன்று பேரை வேலைக்கு வைத்துக்கொண்டு, பதிவேட்டில் ஒன்பது பேர் என்று எழுதி வைத்திருக்கும் முதலாளிகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுள் சிலர், "அதற்குப் பதிலாகத்தான் குரூப் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறோமே" என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். அது பதிலாகாது. சட்டம் தொழிலாளிக்குக் கொடுத்த ஒன்றைப் பறித்துவிட்டு, அதைவிடச் சிறிய ஒன்றைத் தானமாகக் கொடுப்பது தருமத்தில் சேராது.

நம் நண்பரின் பேக்கரியில் எட்டே பேர்; ஆகவே இ.எஸ்.ஐ. அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அன்றியும் மாஸ்டரின் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேல். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5,00,000 ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆனால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருத்தல் வேண்டும். மாதம் பத்தாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் அந்த வாசல் அடைபட்டுவிடுகிறது. எட்டுப் பேரில் தம்பியின் குடும்பத்துக்கும் அந்தக் கைம்பெண்ணுக்கும் மட்டுமே அந்த அட்டை இருந்தது. மற்ற அறுவரும் அரசுத் திட்டத்துக்கு வசதியானவர்கள், தனியார் மருத்துவமனைக்கு ஏழைகள். சிறு தொழில்களில் வேலை செய்யும் பெரும்பாலோரின் நிலை இதுதான்.

ஆளுக்கொரு தனிப் பாலிசி எடுத்துக் கொடுத்தால் என்ன என்று நண்பர் கேட்டார். இளைஞருக்கு அது நல்ல வழியே. தனிப் பாலிசி அவனுடையது. வேலை மாறினாலும் கூடவே போகும். மாஸ்டரைப் போன்றவருக்கோ நிலைமை வேறு. ஏற்கனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் என்று ஒன்று உண்டு. 2024 ஏப்ரல் முதல் அது அதிகபட்சம் 36 மாதம் என்று குறைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன் 48 மாதமாக இருந்தது. மூன்று ஆண்டு கழித்துக் கிடைக்கும் உதவியை வைத்துக்கொண்டு ஐம்பத்தேழு வயது சர்க்கரை நோயாளி என்ன செய்வார்? குழுக் காப்பீட்டில்தான் இந்தக் காத்திருப்பை நீக்கிவிட்டு, முதல் நாளிலிருந்தே பழைய நோய்க்கும் பாதுகாப்புக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. எட்டுப் பேரை ஒன்றாக எடுத்துக்கொள்வதால் நிறுவனம் அந்தத் துணிவைக் கொள்கிறது. பொதுவாக ஏழு பேராவது இருந்தால்தான் குழுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் காத்திருப்பு தானாக நீங்கிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. சிறிய குழுக்களுக்கு அதை நீக்காமலே விற்பதும் உண்டு.

நண்பர் கொண்டுவந்த முதல் கொட்டேஷன் அப்படிப்பட்டது. ஆளுக்கு ஐந்து இலட்சம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பிரீமியமோ மற்ற இரண்டையும்விடக் குறைவு. நண்பருக்கு அதில்தான் கண். இரண்டாம் பக்கத்தின் அடியில், பழைய நோய்களுக்கு 36 மாதக் காத்திருப்பு உண்டு என்று ஒரு வரி. அதாவது எட்டுப் பேரில் யாருக்கு இந்தக் காப்பீடு மிகவும் தேவையோ, அவருக்குச் சர்க்கரை நோயால் வரும் எந்தத் தொல்லைக்கும் மூன்று ஆண்டுக்கு ஒன்றுமில்லை. அதைத் தள்ளிவைத்தோம்.

மூன்றாவது நிறுவனத்தின் கொட்டேஷன்தான் எல்லாவற்றிலும் அதிகம். தொகை மூன்று இலட்சமே. ஆனால் பழைய நோய்களுக்கு முதல் நாளிலிருந்து பாதுகாப்பு இருந்தது. நண்பர் மக்ரூன் கணக்குப் போட்டுப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அந்த நிறுவனத்தின் முகவர் மறுநாள் வந்து ஒரு வழி சொன்னாராம். குழுவின் பிரீமியம் வயதைப் பொறுத்தது. இந்தப் பட்டியலில் தொகையை ஏற்றிவிடுகிறவர் மாஸ்டரும் அவர் மனைவியும். அவர்களை எடுத்துவிட்டாலும் ஏழு பேர் மிஞ்சுவார்கள், குழுவுக்கு அது போதும் என்றார். முகவர் பொய் சொல்லவில்லை, கணக்கு சரியே. சட்டத்திலும் அதற்குத் தடையில்லை.

இந்தச் செய்தி எப்படியோ அடுப்படிக்கும் போய்விட்டது. அன்று மாலை மாஸ்டரே முதலாளியிடம் வந்து, "என் பேரை வேணும்னா எடுத்திருங்க முதலாளி. சின்னப் பிள்ளைகளுக்குப் பாருங்க. எனக்கு இன்னும் எத்தனை வருசம்?" என்று சொல்லிவிட்டுப் போனார். நண்பர் இதை நம்மிடம் சொன்னபோது அவர் குரல் சரியாக இல்லை. அவருடைய தந்தையார் காலத்தில், பதினெட்டு வயதில் அந்த அடுப்படிக்கு வந்தவர் மாஸ்டர். மக்ரூனின் பதத்தை இன்றைய முதலாளிக்குக் கற்றுக் கொடுத்தவரும் அவரே.

நாம் நீண்ட உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. வயதையும் நோயையும் காரணம் காட்டி ஒருவரை விலக்கிவிட்டு எடுக்கும் காப்பீடு, யாருக்குப் பெரும்பாலும் தேவைப்படாதோ அவர்களுக்காகவே எடுக்கும் காப்பீடாகிவிடும் அல்லவா என்று மட்டும் கேட்டோம். 1981இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் தொழிலாளரைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், மருத்துவ உதவி அவர்களுக்கு எளிதில் கிடைக்க வேண்டும். இயன்றவரை குறைந்த செலவில், அல்லது இலவசமாகவே கிடைக்க வேண்டும் என்ற கருத்து இருக்கிறது. அதையும் நினைவூட்டினோம். ஆனால் அவர் மனத்தைத் திருப்பியது சுற்றுமடல் என்று நாம் எண்ணவில்லை. மாஸ்டர் சொல்லிவிட்டுப் போன சொற்களே அதைச் செய்துவிட்டன.

இனி இரண்டாவது கொட்டேஷன். பார்வைக்கு இதுதான் நடுவழி. பழைய நோய்க்குப் பாதுகாப்பு உண்டு, விலையும் மிதம். ஆளுக்கு இரண்டு இலட்சம். ஆனால் அறை வாடகை, காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்று என்று வரையறை செய்திருந்தார்கள். இந்தச் சிறிய வாக்கியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் நம் மக்கள் ஏமாறும் இடங்களில் இது முதன்மையானது. இரண்டு இலட்சத்தில் நூற்றுக்கு ஒன்று என்றால் நாளுக்கு 2,000 ரூபாய். நோயாளி சேர்ந்த அன்று அந்த வாடகையில் அறை காலியில்லை. 4,000 ரூபாய் அறையே கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். நான்கு நாள் தங்கினால் 8,000 ரூபாய் கைக்காசு போகும், அவ்வளவுதானே என்று நாம் நினைப்போம். அவ்வளவு மட்டும் அன்று. அனுமதிக்கப்பட்ட வாடகை எடுத்த வாடகையில் பாதி என்பதால், டாக்டர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம், செவிலியர் கட்டணம் போன்றவற்றிலும் பாதியையே கொடுப்பார்கள். இவை 60,000 ரூபாயானால் 30,000 நம் தலையில் விழும். ஆக மொத்தம் 38,000 ரூபாய். மருந்து, பரிசோதனை, உடலுக்குள் பொருத்தும் கருவி, தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டணம் ஆகியவற்றில் இப்படி வெட்டக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்திருப்பது ஓரளவு ஆறுதல்.

காய்ச்சலோடு இரவு பத்து மணிக்குச் சேர்கிற வேன் ஓட்டுநரின் மனைவி, எந்த அறை தன் பாலிசிக்கு ஏற்றது என்று விசாரித்துக்கொண்டா நிற்பார்? ஆகவே ஐந்து இலட்சம் என்ற பெரிய எண்ணைவிட, அறை வாடகைக்கு இத்தகைய வரம்பு இல்லாத மூன்று இலட்சமே இவர்களைப் போன்றோருக்கு மேல் என்பது நம் கருத்து. வேறு விதமாக எண்ணுகிறவர்களும் இருக்கலாம். இருதய அறுவை போன்றவற்றுக்கு மூன்று இலட்சம் போதாமற் போவது உண்மையே. ஆயினும் ஒரு சிறு பேக்கரியின் பணம் எல்லாப் பக்கமும் எட்டாது. எந்தப் பக்கம் அடிக்கடி நனையுமோ அந்தப் பக்கத்தை முதலில் வேய வேண்டும்.

அடுத்து, குடும்பத்தில் யார் யார் என்பது. முகவர்களின் பேச்சில் "ஒன்று கூட்டல் மூன்று" என்று ஒரு சொல் உண்டு. ஊழியர், துணைவர், பிள்ளைகள் இருவர். பெற்றோரையும் சேர்த்தால் "ஒன்று கூட்டல் ஐந்து". நம் வேன் ஓட்டுநருக்கு மூன்று பிள்ளைகள் என்று மேலே சொன்னோம். எந்தப் பிள்ளையை விடுவது என்று படிவத்தை வைத்துக்கொண்டு அவர் விழித்ததை நண்பர் சொல்லிச் சிரித்தார்; நமக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டுப் பார்த்ததில், கூடுதல் பிரீமியம் கட்டினால் மூன்றாவது பிள்ளையையும் சேர்க்க அந்த நிறுவனம் இசைந்தது. கேட்காதிருந்தால் அப்படி ஒரு வழி இருப்பதே தெரிந்திராது.

பேக்கிங் செய்யும் அந்தக் கைம்பெண்ணின் காரியம் இவ்வளவு எளிதாக முடியவில்லை. மற்றவர்களுக்கு நான்கு இடம். அவருக்கோ துணைவரும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. இருப்பது தாய் ஒருவரே. அவருடைய வெற்றிடத்தில் தாயை உட்கார வைக்க விதியில் இடமில்லை. எல்லாருடைய பெற்றோரையும் சேர்த்தால் பிரீமியம் தாங்க முடியாத அளவு போய்விடும் என்பதும் மெய். முதியவர்கள் மிகுதியாகச் சேர்ந்தால் செலவும் மிகும். அடுத்த ஆண்டு நிறுவனம் பிரீமியத்தை உயர்த்தும். அப்போது முதலாளி முழுவதையுமே கைவிட்டுவிடுவார். நல்ல வேளையாக அந்தத் தாய்க்கு முதலமைச்சர் திட்டத்தின் அட்டை இருந்தது. அந்த அட்டை இல்லாதிருந்தால் என்ன செய்திருப்போம் என்பதற்கு நம்மிடம் விடை இல்லை.

மகப்பேற்றுக்கான பிரிவையும் சேர்க்கச் சொன்னோம். அதற்கென்று ஒரு சிறிய உள்வரம்பு வைத்திருப்பார்கள். ஒன்பது மாதக் காத்திருப்பு நீக்கப்பட்டிருக்கிறதா, பிறந்த குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டா என்பவற்றைப் பார்த்தால் போதும்.

இன்னொன்றை எல்லாருக்கும் முன்னதாகவே விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. மருத்துவமனையில் சேர்ந்து படுத்தால்தான் இந்தக் காப்பீடு. மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கும், போய்ப் பார்த்து வரும் டாக்டர் கட்டணத்துக்கும் சாதாரணமாக இதில் வழியில்லை. மாஸ்டருக்கு, 2021 ஆகஸ்டில் மாநில அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக மாத்திரை வீட்டுக்கே வந்துகொண்டிருந்தது. காப்பீடு வந்துவிட்டதென்று அதை நிறுத்திவிட வேண்டாம் என்று அவர் மனைவியிடம் சொல்லி அனுப்பினோம்.

மருத்துவமனைப் பட்டியலைப் பொறுத்தமட்டில் முகவரின் சொல்லை நாம் நம்புவதில்லை. இந்த நிறுவனத்தின் கேஷ்லெஸ் வசதி உங்களிடம் உண்டா, போன மாதம் யாருக்காவது கொடுத்தீர்களா என்று மருத்துவமனையின் இன்சூரன்ஸ் மேசையிலேயே கேட்டுவிட வேண்டும். நண்பர் தம் ஊழியர்கள் வழக்கமாகப் போகிற இரண்டு மருத்துவமனைகளிலும் கேட்டார். ஒன்றில் உண்டு, மற்றதில் இல்லை. கேஷ்லெஸ் அனுமதியை ஒரு மணி நேரத்துக்குள்ளும், வீடு திரும்பும்போது இறுதி ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள்ளும் கொடுக்க வேண்டும் என்று 2024 மே 29 அன்று ஒழுங்குமுறை ஆணையம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. இதை அறிந்து வைத்திருந்தால், மேசையில் இருப்பவரிடம் பணிவோடும் உறுதியோடும் பேசலாம்.

பெயர்ப்பட்டியலைத் தயாரிக்க நாம் எண்ணியதைவிட அதிக நேரம் பிடித்தது. நம் மக்களுக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பெயர் ஒன்று, வீட்டில் அழைக்கும் பெயர் ஒன்று. கோவில் பதிவேட்டில் அந்தோணியம்மாள், ஆதார் அட்டையில் வேறொன்று. மருத்துவமனையில் ஆதாரைத்தான் கேட்பார்கள். காப்பீட்டு அட்டையில் உள்ள பெயர் அதனோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தாவிட்டால் அங்கேயே தடை. எட்டுக் குடும்பங்களின் ஆதார் அட்டைகளையும் வாங்கி வைத்து, கணக்கு எழுதும் பெண் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து திருத்தினாள். அந்தச் சமயத்தில் நண்பர் மெல்ல, தம் மாமனாரையும் ஓர் ஊழியராகப் போட்டுவிடலாமா என்றார். சம்பளப் பட்டியலில் இல்லாதவரை ஊழியர் என்று எழுதுவது பொய். ஒரு நாள் அது வெளிப்பட்டால் அந்தக் கோரிக்கை மட்டுமன்றி மற்ற எட்டுப் பேரின் பாதுகாப்பும் ஐயத்துக்கு உள்ளாகும் என்றோம். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிரீமியத்தில் தொழிலாளரும் பங்கு கொடுக்க வேண்டுமா என்பதில் இரு கருத்துண்டு. இங்கே ஊழியர்களுக்குரியதை முதலாளி முழுவதும் ஏற்றார். குடும்பத்தினருக்குரியதில் பாதியை மாதச் சம்பளத்திலிருந்து பத்துத் தவணையில் பிடித்துக்கொள்ளலாம் என்று எட்டுப் பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். அவரவர் விருப்பம் என்று விட்டிருந்தால் நோயுள்ள குடும்பங்கள் மட்டுமே சேர்ந்திருக்கும். அப்படிப்பட்ட குழு நீண்ட நாள் நிற்பதில்லை. கல்யாணமாகாத தம்பிக்குப் பிடித்தம் ஒன்றும் இல்லை.

முதல் ஆண்டில் மருத்துவமனையில் சேர்ந்தது மாஸ்டர் அல்லர், அந்தத் தம்பிதான். இரவு வேலை முடிந்து சைக்கிளில் போனவனை மோட்டார் சைக்கிள் ஒன்று இடித்துத் தள்ளிற்று; முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு, தகடு வைக்க வேண்டியதாயிற்று. நிறுவனம் பெரும்பகுதியைக் கொடுத்தது. கையுறை, பதிவுக் கட்டணம், இன்னும் என்னென்னவோ சில்லறைகள் என்று சில ஆயிரத்தை வெட்டினார்கள்; அதை முதலாளி கட்டினார். ஆனால் அவன் வேலைக்கு வராதிருந்த பத்து வாரத்துக்கான சம்பளத்தைப் பற்றிப் பாலிசியில் ஒரு சொல்லும் கிடையாது. பாதிச் சம்பளம் கொடுத்தார் நண்பர். இ.எஸ்.ஐ. ஆக இருந்திருந்தால் என்று அப்போது அவரே சொன்னார்.

2025இல் புதுப்பித்தபோது பிரீமியம் ஏறிற்று. ஒரு கோரிக்கை வந்துவிட்ட சிறு குழுவுக்கு இது எதிர்பார்க்கத் தக்கதே. அதன்பின் இரண்டு மாறுதல்கள் நேர்ந்துள்ளன. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது, குழுக் காப்பீட்டுக்கோ நூற்றுக்கு 18 அப்படியே நிற்கிறது. சிறிய முதலாளி தம் தொழிலாளருக்காக எடுப்பதற்கு மட்டும் வரி ஏன் என்பது நமக்கு விளங்கவில்லை. இரண்டாவது, 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. பத்துப் பேருக்குக் குறைவான இடங்களிலும், முதலாளியும் ஊழியருள் பெரும்பான்மையோரும் இசைந்தால், இ.எஸ்.ஐ.யில் சேரலாம் என்று அதில் இருக்கிறது. 21,000 ரூபாய்க்கு உட்பட்ட அறுவரையும் அதில் சேர்த்துவிட்டு, மாஸ்டருக்கும் கணக்கு எழுதும் பெண்ணுக்கும் வேறு வழி பார்க்கலாமா என்று நண்பர் இப்போது யோசிக்கிறார். அப்படிச் செய்தால் இருவர் மட்டுமே எஞ்சுவர். இருவரைக் குழுவாக ஏற்பார் இல்லை. மாஸ்டருக்குத் தனிப் பாலிசிதான். குழுவில் இருந்தவர் அதே நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாறினால், குழுவில் கழித்த காலம் காத்திருப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்ளப்படும். ஆயினும் புதிய பாலிசியின் நிபந்தனைகளுக்கு நிறுவனம் இசைய வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை, குழுவின் காலம் முடிவதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும். விண்ணப்பத்துக்கு வேண்டிய மருத்துவச் சான்றுகளை மாஸ்டரின் மகள் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். நிறுவனத்திடமிருந்து எழுத்து மூலம் ஒப்புதல் வரும்வரை மற்ற அறுவரின் பெயரையும் குழுவிலிருந்து எடுப்பதில்லை என்று நண்பர் சொல்லியிருக்கிறார்.